பிழிய மறுக்கும் சலவை இயந்திரம்

சலவை இயந்திரம் நீரை ஏற்றுக்கொள்கிறது, துணியைப் புரட்டித் துவைக்கிறது, அலசவும் செய்கிறது. பிழிய வேண்டிய வேளை வந்ததும் அசையாமல் நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் துணிகள் நீர் சொட்டச் சொட்டக் கிடக்கின்றன. இயந்திரம் கெட்டுவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் பெரும்பாலான வேளைகளில் அது கெட்டிருப்பதில்லை. சில நிபந்தனைகள் நிறைவேறினாலன்றிச் சுழலக்கூடாது என்று அதனைச் செய்தவர்கள் அதற்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அக்கட்டளைக்குப் பணிந்து அது நிற்கிறது. அந்த நிபந்தனைகள் யாவை, அவற்றுள் எது தவறியது என்று கண்டறிவது எங்ஙனம் என்பதையே இங்கு நாம் பார்க்கப்போகிறோம்.

இதற்குப் பொம்மனஹள்ளியை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும். பெங்களூரு நகரின் தென்கிழக்கில் ஒசூர்ச் சாலையின்மீது அமைந்துள்ள அவ்வூரைத் தமிழ்நாட்டுக்கு அப்பால் வாழும் நேயர்களில் பலர் அறிவர். தனி நகரசபையாக இருந்த அவ்வூர் 2007-ஆம் ஆண்டில் பெங்களூரு மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது அங்கே ஒரு நிலையமும் வந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நாடிக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். கணவனும் மனைவியும் காலையிலேயே வேலைக்குப் போய்விடும் வீடுகள் அவை. துணி துவைப்பது இரவில் நடக்கும். இல்லையேல் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாரத்து அழுக்கும் ஒன்றாக வந்து சேரும். உலர்த்துவதற்குக் கிடைப்பது நான்கடி அகலமுள்ள பால்கனி. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் மழைக்காலத்து வெயிலை நம்பி ஈரத் துணியைப் போட முடியாது. சேலத்தில் இரண்டு மணி நேரத்தில் காயும் துணி அங்கே மறுநாளும் ஈரமாகவே இருந்து நாற்றம் எடுக்கும். திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் பள்ளிச் சீருடை எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சலவை இயந்திரத்தின் மதிப்பில் பாதி அது பிழிந்து தருவதில்தான் இருக்கிறது.

பிழிதல் என்று நாம் சொன்னாலும் இயந்திரம் துணியை முறுக்கிப் பிழிவதில்லை. மழையில் நனைந்த குடையை விரித்தபடியே காம்பைப் பிடித்துச் சுழற்றினால் நீர்த்துளிகள் விளிம்பிலிருந்து தெறித்து ஓடுகின்றன அல்லவா? அதே செயல்தான் இங்கும். சுழலும் எப்பொருளும் ஒவ்வொரு கணமும் நேர்கோட்டில் விலகி ஓடவே முயல்கிறது. துணியை டிரம்மின் சுவர் தடுத்து நிறுத்துகிறது. நீரைத் தடுப்பதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் சுவரெங்கும் துளைகள். நீர் வெளியேறுகிறது, துணி உள்ளே நிற்கிறது. பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தைப் பிரிப்பதற்கு ஸ்வீடன் நாட்டுக் குஸ்தாவ் தெ லாவல் 1878-இல் செய்த சுழற்பொறியும் சுழற்சியின் இதே தத்துவத்தைக் கொண்டுதான் இயங்கியது.

வேகத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டிரம்மின் மையத்திலிருந்து சுவர்வரை 25 சென்டிமீட்டர். சுழற்சி நிமிடத்திற்கு 1,000 முறை என்று கொள்வோம். அந்தச் சுவர் அப்போது மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு விரைவு ரயிலின் வேகம் இது. துணியிலுள்ள ஒவ்வொரு துளி நீரும் தன் எடையைப்போல் ஏறத்தாழ 280 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. எவ்வளவு வலிய கையாலும் முறுக்கி எடுக்க முடியாத நீர் இவ்வாறு வெளியேறுகிறது. ஆனால் இதே கணக்கில் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அரைக் கிலோ ஈரத் துணி டிரம்மின் ஒரு பக்கத்தில் மட்டும் திரண்டுவிட்டால், அது 140 கிலோ எடைக்கு நிகரான விசையோடு டிரம்மை இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்குப் பதினாறு பதினேழு முறை திசை மாறிச் சுற்றிவரும். 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீடுகளுக்கென்று வெளியிட்ட தானியங்கிச் சலவை இயந்திரத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இன்றைய இயந்திரங்கள் ஸ்பிரிங்கிலும் அதிர்வுதாங்கிகளிலும் தொங்குகின்றன. எடை சமமாக இல்லை என்று உணர்ந்தால் வேகம் எடுக்க மறுக்கவும் கற்றிருக்கின்றன.

பிழிவதற்கு இயந்திரம் கேட்கும் நிபந்தனைகள் மூன்று என்று சொல்லலாம். மூடி அல்லது கதவு நன்றாகச் சாத்தியிருக்க வேண்டும். தொட்டியிலுள்ள நீர் வடிந்திருக்க வேண்டும். துணியின் எடை சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். இவற்றை ஆராயுமுன் இயந்திரத்தின் விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் நின்று இவ்வேலையில் இறங்கக்கூடாது. இதனை நாம் ஒருமுறை சொல்லிவிட்டோம். கீழே வரும் ஒவ்வொரு சோதனைக்கும் இது பொருந்தும்.

மூடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டாப் லோடு இயந்திரத்தின் மூடியில் ஒரு சிறு சுவிட்சோ காந்தமோ இருக்கும். அது மூடி திறந்திருக்கிறதா என்பதை அறிவிக்கும். மூடியின் கீல் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், இடுக்கில் சோப்புத்தூள் படிந்து கெட்டிப்பட்டிருந்தாலும், சாத்திய மூடியும் திறந்த மூடியாகவே அதற்குத் தோன்றும். முன்புறக் கதவுள்ள ஃபிரண்ட் லோடு இயந்திரத்தில் ரப்பர் வளையத்திற்கும் கதவுக்கும் நடுவே ஒரு கைக்குட்டை சிக்கினாலும் இதே நிலைதான். துடைத்து, எடுத்து, அழுத்திச் சாத்திப் பார்க்கலாம்.

இனி நீரைப் பற்றி. பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் அகப்படுகிறான். துணி நீரில் மிதந்துகொண்டிருக்கும்போது சுழற்றினால் மோட்டார் எரிந்துபோகும் என்பதால், நீர்மட்டம் இறங்கிவிட்டது என்ற செய்தி கிடைத்த பின்னரே இயந்திரம் சுழலத் தொடங்கும். ஆகவே, மூடியைத் திறந்ததும் தொட்டியில் நீர் நிற்கிறதா என்பதை முதலில் நோக்க வேண்டும். நின்றால், நோய் பிழிதலில் இல்லை; வடிகாலில் இருக்கிறது.

வாடகை வீடுகளில் அடிக்கடி நேரும் ஒரு தவறு உண்டு. நம் நாட்டில் விற்கப்படும் டாப் லோடு இயந்திரங்களில் பலவற்றுக்கு நீரை மேலே தள்ளும் பம்பு கிடையாது. வால்வு திறந்ததும் நீர் தன் எடையால் தானே கீழே ஓட வேண்டும். ஆகவே அதன் வடிகுழாய் தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். குடிமாறி வந்தவர்கள் இயந்திரத்தைக் குளியலறைக்கு வெளியே வைத்துவிட்டுக் குழாயைக் குளியலறைப் படியின்மேல் ஏற்றி உள்ளே விடுகிறார்கள். படி உயரமாயிருந்தால் அதன் மட்டம்வரை தொட்டியிலும் நீர் நின்றுவிடும். இயந்திரம் காத்துக்கொண்டே இருக்கும். பழைய வீட்டில் ஒழுங்காக இயங்கியது புது வீட்டில் வந்ததும் கெட்டுவிட்டதே என்று வருந்துவோர் முதலில் இதனைப் பார்க்க வேண்டும். பம்பு உள்ள ஃபிரண்ட் லோடு இயந்திரத்திற்கு விதி நேர்மாறானது: அதன் குழாயின் முனை தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் போட்டுவிட்டால் ஏற்றிய நீரெல்லாம் தானே ஓடிப்போகும். இருவகைக்கும் குழாய் மடிந்தோ நசுங்கியோ இருக்கக்கூடாது.

ஃபிரண்ட் லோடு இயந்திரத்தின் முன்புறத்தில் கீழ்மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும். பலர் ஆண்டுக்கணக்கில் அதைத் திறந்ததே இல்லை. அதனுள்ளே திருகு மூடியோடு கூடிய வடிகட்டி இருக்கிறது. கொதிநீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டு, ஒரு தாழ்ந்த தட்டையும் பழைய துணியையும் கீழே வைத்து, பக்கத்திலுள்ள சிறு குழாய் வழியாக முதலில் நீரை வடித்துவிட்டு, பின்னர் மூடியை இடப்புறமாக மெல்லத் திருக வேண்டும். நாணயம், ஊக்கு, பொத்தான், தலைமுடிச் சுருள், பாவாடை நாடாவின் துண்டு ஆகியவை வந்து விழும். தையல் வேலை செய்வோர் வீடுகளில் நூற்பிசிறு பஞ்சுபோல் அடைத்திருக்கும். வடிகட்டியின் பின்னால் ஒரு சிறு விசிறி தெரியும். அதை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தால் விட்டுவிட்டுத் துள்ளித் திரும்பும். காந்தத்தால் இயங்கும் பம்பு ஆதலால் அவ்வாறு துள்ளுவது அதன் இயல்பு, பழுது அன்று. திரும்பவே மறுத்தால்தான் அதில் ஏதேனும் சிக்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்குவதில் கவனம் தேவை. அரைகுறையாக விட்டால் அடுத்த சலவையின்போது வீடெல்லாம் வெள்ளம்.

பம்பு இல்லாத டாப் லோடு இயந்திரத்தில் ட்ரெய்ன் மோட்டார் என்னும் சிறு மோட்டார் ஒன்று ஒரு கம்பியை இழுத்து வடிகால் வால்வைத் திறக்கிறது. அதே இழுப்பில் கிளட்ச் மாறுகிறது. துவைக்கும் தட்டோடு டிரம்மும் சேர்ந்து சுழலத் தயாராகிறது. ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. ஆகையால் அந்தச் சிறு மோட்டார் கெட்டால் நீரும் வடியாது, டிரம்மும் சுழலாது. நீர் வடிந்த பிறகும் உள்ளிருக்கும் தட்டு மட்டும் சுற்றி, டிரம் சும்மா நின்றால் கிளட்ச் மாறவில்லை என்று அறியலாம். இவ்விரண்டும் பழுதுபார்ப்பவரின் வேலைகள். ஆயினும் என்ன நடக்கிறது என்பதை நாமே கண்டு சொன்னால் அவருடைய நேரமும் நம் பணமும் மிஞ்சும்.

நீர் முழுதும் வடிந்துவிட்டது, ஆனாலும் இயந்திரம் நீர் இருப்பதாகவே நினைக்கிறது என்ற விந்தையும் நேர்வதுண்டு. தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே சென்று, அதனுள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தைத் தெரிவிக்கிறது. அதில் சேறோ சோப்புக்கட்டியோ அடைத்துக்கொண்டால் செய்தி பொய்த்துவிடும். டாங்கர் லாரி நீரைத் தொட்டியில் நிரப்பிப் பயன்படுத்தும் கட்டடங்களில் வண்டல் உள்ளே வருவது இயல்பு.

இங்கே பொம்மனஹள்ளியின் தண்ணீரைப் பற்றித் தனியே பேச வேண்டும். அப்பகுதி நெடுங்காலம் ஆழ்துளைக் கிணற்றையும் டாங்கர் லாரியையும் நம்பி வாழ்ந்தது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் கிணறுகள் வற்றி, குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் அதில் மிகுதி. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நன்று என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அமைவனம் வகுத்திருக்கிறது. கடினநீரில் நுரை எளிதில் எழாது. ஆகவே இல்லத்தரசிகள் சோப்புத்தூளை ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டுப் பழகிவிடுகிறார்கள். பிறகு காவிரி நீர் வந்தால், அல்லது ஒரு நாள் காவிரியும் மறுநாள் கிணறுமாக மாறி வந்தால், பழைய அளவுத் தூளே மென்மையான நீரில் மலைபோல் நுரைக்கிறது. நுரை பம்பில் புகுந்தால் பம்பு நீரைத் தள்ளாமல் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே நுரை மெத்தைபோல் அமர்ந்து சுழற்சியைத் தடுக்கும். இயந்திரம் நின்றுவிடுகிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் மாறியதுதான் காரணம். நுரை அடங்க அரைமணி விட்டு, தூள் போடாமல் ஒருமுறை அலசவிட்டுப் பிழியச் செய்தால் போதும். எந்த நீர் வருகிறது என்று தெரிந்து தூளை அளந்து போடுவதே இதற்கு மருந்து. ஃபிரண்ட் லோடு இயந்திரத்தில் அதற்கென்று விற்கும் குறைநுரைத் தூளையே பயன்படுத்த வேண்டும். வாளியில் ஊறவைக்கும் தூள் அதற்கு ஆகாது.

மூன்றாவது நிபந்தனை எடையின் சமநிலை. ஒரே ஒரு போர்வையையோ, ஒரு ஜமக்காளத்தையோ, இரண்டு ஜீன்ஸ் கால்சட்டைகளையோ மட்டும் போட்டால் அவை ஒரு பக்கமாகத் திரளும். இயந்திரம் மெல்லச் சுழன்று பார்க்கும், குலுங்குவதை உணர்ந்து நிற்கும், மறுபடியும் முயலும், ஐந்தாறு முயற்சிக்குப் பின் கைவிடும். போர்வையோடு இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடும். அளவுக்கு மீறித் திணித்தாலும் இதே விளைவுதான், ஏனெனில் துணி பரவ இடமில்லை. மழைக்கோட்டு, ரப்பர் விரிப்பு, ரெக்சின் உறை போன்ற நீர் புகாத பொருள்களை ஒருபோதும் பிழியப் போடக்கூடாது. அவை பைபோல் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, வேகம் உச்சத்தை அடையும்போது சட்டென்று விட்டுவிடும். அப்போது இயந்திரம் துள்ளி விழுந்து உடைந்துபோகக்கூடும்.

பால்கனியின் தரை மழைநீர் ஓடுவதற்காகச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும். அதன்மேல் வைத்த இயந்திரம் நான்கு காலிலும் நிற்காது. மூலைகளைக் கையால் அழுத்திப் பார்த்து, ஆடும் காலைத் திருகி உயர்த்த வேண்டும். மரத்துண்டும் மடித்த அட்டையும் இரண்டு சலவைக்குத்தான் தாங்கும். குடிமாறும்போது ஃபிரண்ட் லோடு இயந்திரத்தின் டிரம்மை அசையாமல் கட்டும் போக்குவரத்து போல்ட்டுகளைப் பின்புறம் மாட்டி ஏற்ற வேண்டும். புது வீட்டில் ஓட்டுவதற்குமுன் அவற்றைக் கழற்றவும் வேண்டும். வாங்கிய அன்றே அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோர் தொகையே அதிகம் என்று தோன்றுகிறது.

இதுவரை சொன்னவை தானியங்கி இயந்திரங்களைப் பற்றியவை. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் தொழிலாளர் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, செமி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு தொட்டியில் துவைத்து மற்றதில் பிழிவது இது. இதன் அமைப்பு எளிது. பழுதும் எளிதில் தெரியும். பிழியும் கூடையின் மூடியைத் திறந்தவுடன் பிரேக் ஒயர் தளர்ந்து பிரேக் கூடையைப் பற்றி நிறுத்தும்; சாத்தினால் விட்டுவிடும். நாளடைவில் அந்த ஒயர் நீண்டு தொய்ந்தால் மூடி சாத்தியிருந்தாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மூடியைச் சாத்தும் நிலைக்குத் தாழ்த்தி, இடுக்கு வழியாக ஒரு மரக்கரண்டியின் காம்பால் கூடையைத் தள்ளிப் பாருங்கள். தடையின்றித் திரும்பினால் பிரேக் நன்றாயிருக்கிறது. கனமாகத் திரும்பினாலோ திரும்ப மறுத்தாலோ பிரேக்கை ஐயுற வேண்டும். அல்லது கூடையின் விளிம்பைத் தாண்டி ஒரு காலுறையோ குழந்தையின் சட்டையோ அடியில் விழுந்து தண்டில் சுற்றியிருக்கலாம். துணியின்மேல் வைத்தழுத்தும் பிளாஸ்டிக் வட்டத்தைத் தொலைத்துவிட்ட வீடுகளில் இது வழக்கமாக நடக்கும். அவ்வட்டத்தின் விலை மிகவும் குறைவு. கடையில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

கூடை தடையின்றித் திரும்புகிறது. ஆயினும் மின்சாரம் கொடுத்தால் ‘ம்’ என்று உறுமுவதோடு நின்றுவிடுகிறது என்றால் கப்பாசிட்டர் பலமிழந்திருக்கக்கூடும். மோட்டார் புறப்படுவதற்கு வேண்டிய முதல் உந்துதலைத் தருவது அச்சிறு உருளைதான். உறுமும் கூடையைக் கையால் சுற்றிவிட்டு ஓடவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஓடவும் செய்யும்; அதுதான் ஆபத்து. ஓரிரு நொடியில் வேகம் எடுக்கும் கூடையில் ஈரத் துணி விரலைச் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். கப்பாசிட்டரைத் தாமே மாற்ற முயல்வதும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உறுமலும் இல்லாமல் ஓசையே இன்றிக் கிடந்தால் டைமர், மூடிச் சுவிட்சு, மோட்டாரின் சுருள் ஆகிய மூன்றில் ஒன்றை ஐயுற வேண்டும். கூடையின் அடியிலுள்ள ரப்பர் சீல் கிழிந்து நீர் மோட்டாரின்மேல் சொட்டிச் சுருளைக் கெடுப்பது இவ்வகை இயந்திரங்களில் காணப்படும் நோய். ஆகவே கீழே ஈரம் தெரிந்தால் பிழியும் பகுதியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மாலை வேளையில் மட்டும் சுழல மறுத்து, விடியற்காலையில் நன்றாகச் சுழலும் இயந்திரமும் உண்டு. அது மின்னழுத்தத்தின் குற்றம். இத்தகைய மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டு வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். துவைக்க அது போதும். நீர் சுமந்த துணியோடு டிரம்மைப் புறப்படச்செய்யப் போதாது. நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லாக் குடித்தனங்களும் ஒரே மாலையில் மோட்டாரையும் அடுப்பையும் ஓட்டினால் இந்நிலை வரும்.

ஓசையைக் கவனிப்பது நல்ல சோதனை. மோட்டார் ஓடும் ஒலி கேட்கிறது, டிரம் நிற்கிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கும். அடிப்பக்கம் திறந்த இயந்திரங்களில் எலி புகுந்து பெல்ட்டையும் ஒயரையும் கடித்துவிடுவதும் உண்டு. அடியில் வலை பொருத்துவது சிறு செலவு. கார்பன் மோட்டார் உள்ள பழைய ஃபிரண்ட் லோடு இயந்திரங்களில் கார்பன் தேய்ந்ததும் துவைத்தல் நடந்தாலும் வேகம் எடுக்காது. பிழியும்போது ஆகாயவிமானம் எழுவதுபோல் இரைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. டிரம்மின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினியச் சட்டம், ஆண்டுக்கணக்கில் சோப்புக் கசடு படிந்து அரித்துப்போவதும் உண்டு. அப்போது டிரம் தள்ளாடித் தொட்டியில் இடிக்கும். இடிக்கும் ஓசை கேட்டபின் மேலும் ஒரு சலவை என்று ஓட்டக்கூடாது.

பழுதுபார்க்க வருபவரிடம் பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பொம்மனஹள்ளியில் தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிதன்று, கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ‘நீரு ஹோகுத்தில்ல’ என்றால் நீர் போகவில்லை. ‘திருகுத்தில்ல’ என்றால் சுழலவில்லை. கன்னடத்தில் இவ்விரு தொடரும் போதும். நம் நீரும் திருகும் அங்கே சற்றே வேடம் மாறி நிற்பதைக் கண்டு மகிழவும் செய்யலாம். நீர் நின்றதா வடிந்ததா, உறுமியதா ஊமையாயிருந்ததா, எந்த வேளையில் நேர்ந்தது என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். மாற்றிய பழைய உறுப்பைத் தருமாறு கேட்டுப் பெற வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை வெளியாரைக் கொண்டு திறக்கலாகாது.

ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூடிச் சுவிட்சு கெட்டிருந்தால், ‘அம்மா, இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுகிறேன், புதுச் சுவிட்சுக்குச் செலவு வேண்டாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. இயந்திரம் அன்றே ஓடும், கூலியும் குறைவு. ஆனால் அதன் பிறகு மூடி திறந்திருந்தாலும் அது முழுவேகத்தில் சுழலும். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், சுழலும் கூடையை எட்டிப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தையின் கையை அப்போது தடுப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சுவிட்சு வரும்வரை இயந்திரம் ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும்.

அவர் வந்திருக்கும்போதே நிலக்கம்பியையும் சோதித்துக்கொள்வது நல்லது. பழைய வாடகை வீடுகளில் மூன்று துளைப் பிளக்குப் பொருத்தியிருப்பார்கள். மூன்றாவது துளையின் பின்னால் ஒயர் எதுவும் இராது. இயந்திரத்தின் உடலைத் தொட்டால் விரலில் சுரீர் என்று குத்துகிறது என்றால் அதனை விளையாட்டாக எண்ணலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி ஒன்றை வீட்டுக்காரரிடம் கேட்டு மெயின் பலகையில் வைக்கச் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தயங்கினால் நாமே செலவிட்டு வைத்துக்கொள்ளலாம். குடிமாறும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதுதான் அது.

பழுதுபார்ப்பவர் நாளை வருவார். இன்று இரவு ஈரத் துணி தொட்டியில் கிடக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, வடிகுழாயை அதன் கொக்கியிலிருந்து எடுத்துத் தாழ்த்தி ஒரு வாளியில் விட்டால் நீர் தானே வந்துவிடும். அடைப்பினால் வராவிட்டால் ஒரு சொம்பினால் மொண்டு எடுக்கலாம். கடைசியாக அலசிய நீராயிருந்தால் தரை துடைக்க உதவும். ஃபிரண்ட் லோடு இயந்திரத்தின் கதவு திறக்காவிட்டால் நீர் வடிந்து சில நிமிடங்கள் சென்றபின் திறக்கும், நெம்பக்கூடாது. சீருடையை முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த பருத்தித் துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டி, அச்சுருளின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்த வேண்டும். துண்டு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு சட்டையைத் தோள்தாங்கியில் மாட்டி, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டால் பெரும்பாலும் காலைக்குள் உலர்ந்துவிடும். காலரிலும் பையிலும் ஈரம் மிஞ்சினால் இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்துவிடலாம்.